பத்தொன்பதாம் குடும்பத்து அப்பா

தும்பி என்ற பெயரை வைத்தது அவளுடைய அக்காதான். ஓரிடத்தில் நிற்காத கை, ஓரிடத்தில் நிற்காத கால், பறந்துகொண்டே இருக்கிற தும்பி மாதிரி என்று ஆறு வயதில் வைத்த பெயர். பள்ளிக்கூடம், கல்லூரி, கடைசியில் ஆய்வகம் வரைக்கும் அது கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வளர வளரக் கால் அடங்கிவிட்டது. கை அடங்கவில்லை. டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் விளிம்பில் ஆடும். கையெழுத்துப் போட்டால் வரி ஓரமாக நூல் பிரிந்தது போல் இருக்கும். ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "இது வியாதி இல்லம்மா, உடம்பு வாகு. பயந்தா அதிகமாகும், அதனால பயப்படாதே" என்றார். அவர் அப்படிச் சொன்ன நாளிலிருந்துதான் அவளுக்குப் பயமே தொடங்கியது.

இந்தக் கையை வைத்துக்கொண்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்காக அவள் சேர்ந்த வேலை, கை துளியும் ஆடக்கூடாத வேலை. பிறந்ததிலிருந்தே காது கேளாத பிள்ளைகளின் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, எந்த மரபணுவில் கோளாறு என்று தேடுகிற ஆய்வகம் அது. மொத்தம் நாற்பது குடும்பங்கள். குடும்பத்துக்கு மூன்று பேர்: அம்மா, அப்பா, பிள்ளை. கண்ணீர்த் துளியில் நூறில் ஒரு பங்கு இருக்கும், அவ்வளவு திரவத்தைப் பிப்பெட் என்ற உறிஞ்சுகுழலில் எடுத்து, தேன்கூடு மாதிரி குழி குழியாக இருக்கும் தட்டில் விட வேண்டும். தும்பி முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விடுவாள். பத்தில் எட்டு சரியாக விழும். மற்ற இரண்டும் பக்கத்துக் குழிக்குப் போகும், இல்லாவிட்டால் குழியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

இரண்டு வருஷம் இப்படியே மல்லுக்கட்டினாள். யாரிடமும் கையைப் பற்றிச் சொல்லவில்லை. காபி அதிகமாகிவிட்டது, தூக்கம் போதவில்லை, அறையில் குளிர் ஜாஸ்தி என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வகத் தலைவர் மேடம் அவளை அறைக்கு வரச் சொன்னார். மேடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசினாலும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார், மீதியை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். மூட்டை கட்டச் சொல்லப்போகிறார் என்றுதான் தும்பி நினைத்தாள்.

"கை எவ்வளவு நாளா இப்படி?" என்றார் மேடம்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சின்ன வயசிலிருந்தே, மேடம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "ரெண்டு வருஷம். வீணா..." அங்கேயே நிறுத்திவிட்டு, "கம்ப்யூட்டர் பக்கம் போறியா? அங்க ஆள் பத்தலை. உன் நோட்டைப் பார்த்தேன். எதை எதோட ஒப்பிடணும்னு உனக்குத் தெரியுது. கையை விட அது முக்கியம்" என்றார்.

தும்பிக்கு அது கருணையாகப் படவில்லை, தண்டனையாகப் பட்டது. விளையாடத் தெரியாதவளைப் புள்ளி எழுத உட்கார வைத்த மாதிரி இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

கம்ப்யூட்டர் அறை அதே மாடியின் மறுகோடியில் இருந்தது. அங்கே இருந்தவன் அவளுக்கு மூன்று வருஷம் மூத்த மாணவன். எதற்கெடுத்தாலும் வாதம் செய்வான் என்பதால் ஆய்வகமே அவனை வக்கீல் என்றுதான் கூப்பிடும். மழை பெய்கிறது என்றால், "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பான். ஆனால் பொறுமைசாலி. முதல் வாரம் தும்பி எழுதிய ஒவ்வொரு புரோகிராமும் திரை முழுக்கச் சிவப்பாய்த் திட்டித் தீர்த்தது. அவள் விரல் ஒரு எழுத்தைத் தட்டினால் இரண்டாக விழும்.

"இங்க பாரு," என்றான் வக்கீல். "தட்டு கவிழ்ந்தா ரத்தம் திரும்பி வராது. இங்க எழுத்து ரெண்டா விழுந்தா ஒண்ணை அழிச்சுடு. அவ்வளவுதான். யாரும் சாகப்போறதில்லை."

அந்த வார்த்தை அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு புரோகிராம் முதல் முறையாகத் திட்டாமல் ஓடி முடித்தது. ஒரு பிள்ளையின் கோடிக்கணக்கான டி.என்.ஏ. எழுத்துகளில் அம்மாவிடமிருந்து மாறுபட்டவை எத்தனை என்று எண்ணிச் சொல்லும் சின்ன வேலைதான். தும்பி அதை ஏழு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஏழு தடவையும் அதே எண் வந்தது. பிப்பெட்டில் அவளுக்கு ஒரே விடை இரண்டு தடவை வந்தது கிடையாது.

வீட்டில் அக்கா மட்டும் விடவில்லை. அக்கா சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டதையும் பொத்தான் மாறியதையும் பிரித்து வைப்பது அவள் வேலை. "நாலு மணி நேரமா கம்ப்யூட்டரைப் பார்த்து என்னடி கண்டுபிடிச்சே?" என்பாள். "ஒரு கமா அதிகமா இருந்துச்சுக்கா" என்றால், "நானும் அதேதான்டி பண்றேன், எனக்கு ஏன் பட்டம் தரமாட்டேங்கிறாங்க?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாள்.

நான்காவது மாதம் வக்கீல் அவளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தான். யார் யாருக்கு உறவு என்று டி.என்.ஏ.வை வைத்தே சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும். அம்மாவும் பிள்ளையும் பாதிக்குப் பாதி ஒத்துப்போவார்கள். அப்பாவும் பிள்ளையும் அப்படியேதான். சம்பந்தமில்லாத இருவரை வைத்தால் விடை பூஜ்யத்தை ஒட்டி வரும். முதல் இருபது குடும்பங்களின் ஃபைல் கையில் இருந்தது. மீதி இருபது பழைய இயந்திரம் ஒன்றில் கிடந்தது. அதைத் திங்கட்கிழமை இறக்கித் தருவதாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மதியம் தும்பி புரோகிராமை ஓட்டினாள். ஒன்று, சரி. இரண்டு, சரி. அம்மா பாதி, அப்பா பாதி என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. பத்தொன்பதில் அம்மா பாதி. அப்பா, பூஜ்யம்.

புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்து வரிக்கு வரி பார்த்தாள். மறுபடி ஓட்டினாள். அப்பா, பூஜ்யம். வக்கீலைக் கூப்பிட்டாள். அவன் நின்றபடியே பார்த்தான், பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தான். அன்றைக்கு அவன் வாதம் செய்யவில்லை.

"அந்தக் குடும்பத்தை எடுத்துடலாம்," என்றான் மெதுவாக. "இது எங்கேயும் நடக்கிறதுதான். நாம யாருக்கும் சொல்லக்கூடாது. அவங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே அப்படித்தான் இருக்கு. காது சம்பந்தமா மட்டும்தான் சொல்லுவோம்னு."

"அந்தக் குழந்தைக்குக் காரணம் தெரியாமலே போயிடுமே, அண்ணா?"

"அப்பா இல்லாம தேடினா கிடைக்கிறது கஷ்டம். ஏற்கெனவே 'காரணம் தெரியவில்லை'ன்னு கடிதம் போயிடுச்சு. மூணு மாசம் ஆச்சு."

பத்தொன்பதாம் குடும்பத்து அப்பாவைத் தும்பிக்கு நினைவிருந்தது. போன வருஷம் அப்பாக்கள் சிலர் மட்டும் தனியாக ஒரு நாள் வந்து ரத்தம் கொடுத்தார்கள். அம்மாக்களும் பிள்ளைகளும் வந்த நாளில் அவர்களுக்கு வேலை விடுப்புக் கிடைத்திருக்கவில்லை. அந்த மனிதர் ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். ஷிஃப்ட் முடித்து, ஓடி வந்த மூச்சோடு, முழங்கை வரை மாவு அப்பியிருக்க வந்து நின்றார். நர்ஸ் ஊசி போடுமுன் இரண்டு தடவை பஞ்சால் துடைக்க வேண்டியிருந்தது. போகும்போது தும்பியிடம் ஒன்று கேட்டார். "யார் பக்கத்திலிருந்து வந்துச்சுன்னு இதுல தெரியுமாம்மா? எங்க வீட்டுல எங்கம்மாவிலிருந்து எல்லாரும் என் சம்சாரத்தைத்தான் சொல்றாங்க. மூணு வருஷமா சொல்றாங்க. எனக்குக் கேட்டுக் கேட்டு..." என்று நிறுத்திக்கொண்டார்.

அந்த வீட்டில் மாமியார் வாயில் விழுந்து எழும் பெண்ணுக்கு எதிராக இப்போது திரையில் ஒரு பூஜ்யம் நிற்கிறது. தும்பிக்கு அந்தச் சனி, ஞாயிறு சோறு இறங்கவில்லை.

அக்கா இரண்டு தடவை தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்னடி, கமா கிடைக்கலையா?"

"யாரோ ஒருத்தர் வீட்டு ரகசியம் வந்து என் மடியில விழுந்துடுச்சுக்கா. யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"அப்ப என்கிட்டயும் சொல்லாதே. நான் காலையில பஸ் ஏறுறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும்," என்றாள் அக்கா. பிறகு தும்பியின் தட்டில் கிடந்ததைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, "எதுவா இருந்தாலும் திங்கட்கிழமை பார்த்துக்கலாம், தூங்கு" என்றாள்.

திங்கட்கிழமை மீதி இருபது குடும்பங்களின் ஃபைல்களும் வந்து சேர்ந்தன. தும்பி ஓட்டினாள். இருபத்தொன்று சரி, இருபத்திரண்டு சரி. இருபத்தாறில் அம்மா பாதி. அப்பா, பூஜ்யம்.

நாற்பதில் இரண்டு வீடா என்று ஒரு கணம் திகைத்தாள். அடுத்த கணம் அவளுக்குள் வேறு ஏதோ விழித்துக்கொண்டது. பத்தொன்பதின் அப்பா என்று எழுதியிருந்தவரை எடுத்து இருபத்தாறின் பிள்ளையோடு ஒப்பிடச் சொன்னாள். இருபத்தாறின் அப்பாவைப் பத்தொன்பதின் பிள்ளையோடு. திரையில் இரண்டு எண்கள் வந்தன. பாதி. பாதி.

அப்பாடா என்று அவள் சொன்னது அறைக்கே கேட்டிருக்கும். வக்கீல் திரும்பிப் பார்த்தபோது, அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எந்த வீட்டிலும் எந்த ரகசியமும் இல்லை. இரண்டு குழாய் இடம் மாறியிருக்கிறது. ரொட்டி சுடுகிறவர் அந்தப் பிள்ளையின் அப்பாதான்.

வக்கீல் எழுந்து வந்து பார்த்தான். "ரெண்டு பேரும் ஆம்பளை," என்றான். "ஆணா பெண்ணான்னு மட்டும்தான் நான் அப்போ சரிபார்த்தேன். அதுல இது எப்படி மாட்டும்? உறவு பார்க்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை." நெற்றியைத் தேய்த்தான். "யார் மாத்தினாங்கன்னு பார்க்கணும்."

தும்பியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அப்பாக்கள் வந்த நாளில் குழாய்களைக் கையாண்டது யார் என்று தேட வேண்டியதே இல்லை. அது தும்பிதான்.

வக்கீல் வகுப்பெடுக்கப் போன பிறகு அவள் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினாள். தன் நூல் பிரிந்த கையெழுத்திலேயே எல்லாம் இருந்தது. அன்றைக்குப் பதினாறு அப்பாக்கள். பெயர்ப்பட்டியல் எண் வரிசையில் இருந்தது: நடுவில் பதினான்கு, பத்தொன்பது, இருபத்தாறு, முப்பத்தொன்று என்று. குழாய்களோ ரத்தம் கொடுத்த வரிசையில் நின்றிருக்கின்றன. பட்டியல்படி கூப்பிட்டபோது ரொட்டி சுடுகிறவர் இன்னும் வந்து சேராததால் இருபத்தாறுக்காரர் முன்னால் போயிருக்கிறார். அந்த ஒரு இடத்தில்தான் இரண்டு வரிசையும் பிசகியிருக்கிறது. குழாயின் மேல் நர்ஸ் எண்ணைச் சரியாகத்தான் எழுதியிருப்பார். தும்பி அதைப் படிக்காமல் பட்டியல் வரிசைப்படியே தட்டில் விட்டிருக்கிறாள். கை ஆடிவிடக் கூடாதே என்று கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், எண்ணைப் பார்க்கவில்லை.

அறையில் யாரும் இல்லை. ஒரு வழி இருந்தது, மிகச் சுலபமான வழி. இரண்டு ஃபைல்களின் பெயரை ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டால் போதும். ஒரே வரி. எல்லாம் சரியாகிவிடும், விடையும் சரியான விடைதான். வக்கீல் கேட்டால் நர்ஸ் பக்கம் ஏதோ நடந்திருக்கும் என்று பூசி மெழுகிவிடலாம். நர்ஸும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். தும்பி அந்த வரியைத் தட்டியே விட்டாள். எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்தன. அழித்தாள். மறுபடி தட்டினாள். கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டியிருந்தது.

ஆனால் அன்றைக்குக் குழாய்களைப் பார்க்காமல் விட்டவள் இன்னும் எதையெல்லாம் பார்க்காமல் விட்டாளோ. திரை சொல்வது உண்மைதானா என்று உறைபெட்டியில் மிச்சமிருக்கும் ரத்தத்தை எடுத்து மறுபடி சோதித்தால்தானே தெரியும். அதற்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அந்த மாவு அப்பிய கைக்காரர் நாளைக்கு வந்து, "இது நிச்சயமாம்மா?" என்று கேட்டால், ஒரு வரியை மாற்றினேன் என்றா சொல்வாள்? எழுதியதை அழித்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு நடந்தாள். கை ஆடியது. இந்த முறை மறைக்கவில்லை.

மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார். திரையில் வந்ததைத் தும்பி தாளில் எழுதிக் காட்டினாள். மேடம் வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்தார்.

"அன்னைக்கு மொத்தம் பதினாறு," என்றார். "மத்த பதினாலு?"

"எல்லாம் சரியா இருக்கு, மேடம். நாற்பது குடும்பமும் பார்த்துட்டேன். இந்த ரெண்டுதான்."

"நான்தான் மாத்தினேன்னு நீயே வந்து சொல்றே."

"ஆமா மேடம்."

"சரின்னு நாலு பேர் கையொப்பம் போட்டுத்தான் அந்தத் தட்டு இங்கிருந்து வெளியே போச்சு. அதுல ஒண்ணு என்னோடது." மேடம் நோட்டை மூடினார். "ரெண்டு குழாயையும் உறைபெட்டியிலிருந்து எடுக்கச் சொல்றேன். மறுபடி செய்வாங்க. நீ செய்ய வேண்டாம். நடந்ததை ஒரு பக்கத்துல எழுது, தேதியோட. அழகா எழுதணும்னு இல்லை." கதவு வரை போனவளை மறுபடி கூப்பிட்டார். "அந்த உறவு பார்க்கிற புரோகிராம். இனிமே எந்தத் தட்டு வந்தாலும் முதல்ல அதை ஓட்டிட்டுத்தான்..." அங்கேயே நிறுத்திவிட்டார். மீதியைத் தும்பி நிரப்பிக்கொண்டாள்.

வராந்தாவில் ஒரு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். தலையில் வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாகக் கையை மறைத்தது, காபியைச் சொன்னது, குளிரைச் சொன்னது எல்லாம் அந்த நோட்டோடு அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. திட்டு விழும் என்று காத்திருந்த காதுக்கு, விழாத திட்டு விசித்திரமாக இருந்தது.

மறுசோதனைக்கு ஒன்பது நாள் ஆயிற்று. குழாய் மாறியது உறுதியானது. பெயர்களைச் சரிசெய்து வக்கீல் தேடலை மறுபடி ஓட்டினான். அரை மணி நேரத்தில் பத்தொன்பதாம் குடும்பத்தின் விடை வந்து நின்றது. ஏற்கெனவே தெரிந்த மரபணு, ஏற்கெனவே தெரிந்த எழுத்துப் பிழை. பிள்ளையிடம் இரண்டு பிரதியும் பிழை. அம்மாவிடம் ஒன்று பிழை, ஒன்று நல்லது. அப்பாவிடமும் அப்படியே. முன்பு தவறான அப்பாவிடம் அது இல்லாததால் புரோகிராம் அதை ஒதுக்கித் தள்ளியிருந்தது. இத்தனை நாளும் விடை கண்ணுக்கு முன்னால்தான் கிடந்திருக்கிறது.

இருபத்தாறாம் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. சரியான அப்பாவை வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை.

பத்தொன்பதாம் குடும்பத்தை ஆலோசகர் வரவழைத்தார். மரபணு விடைகளைக் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்வது அவர் வேலை. தும்பி ஓரமாக உட்கார அனுமதி கேட்டாள், மேடம் சரி என்றார். ரொட்டி சுடுகிறவர் இந்த முறை கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் மனைவி. நடுவில் நான்கு வயதுப் பெண் குழந்தை, காதுக்குப் பின்னால் கருவி மாட்டிக்கொண்டு, விரலால் அம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மாவும் விரலாலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆலோசகர் முதலில் ஆய்வகத்தில் நடந்த தவறைச் சொன்னார். குழாய் மாறியது, அதனால் பழைய கடிதம் தவறு, அதற்கு மன்னிப்பு. அந்த மனிதர், "இப்போ சரியா?" என்று மட்டும் கேட்டார்.

"சரி. மிச்சமிருந்த ரத்தத்தை எடுத்து மறுபடி ரெண்டு தடவை பார்த்துட்டோம்."

பிறகு ஆலோசகர் ஒரு தாளில் இரண்டு வட்டம் வரைந்து விளக்கினார். பிழை ஒருவர் பக்கத்திலிருந்து வரவில்லை. இருவரிடமும் ஆளுக்கொன்று இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் காது நன்றாகவே கேட்கும், தெரியவே தெரியாது. இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று சேர்ந்து வந்ததால்தான் குழந்தைக்கு இப்படி. யார் மேலும் தப்பில்லை. யார் செய்ததாலும் வந்ததில்லை.

மனைவி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேர்கிட்டயும் இருக்குன்னா சொல்றீங்க?" என்று கேட்டாள். அவள் குரல் அடங்கியிருந்தது. கேட்டுக் கேட்டு வாய் மூடிப் பழகிய குரல்.

"ஆமாம்மா. சரிபாதி."

அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை. அவர்தான் திரும்பினார். ரொம்ப நேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டு மேலே வந்தவர் போல மூச்சை விட்டார். "எழுத்துல குடுங்க," என்றார் ஆலோசகரிடம். "எங்க வீட்டுல காட்டணும். நான் வாயால சொன்னா நம்பமாட்டாங்க. சம்சாரத்துக்கு வக்காலத்து வாங்குறேன்னுவாங்க."

"கொஞ்சம் பெரிய எழுத்துல," என்றாள் மனைவி. "அத்தைக்குக் கண்ணு சரியா தெரியாது." சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே வேடிக்கையாக இருந்தது போல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. குழந்தை விரலால் என்ன என்று கேட்டாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று கையசைத்தாள்.

கடிதத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தது தும்பிதான். மூன்று தடவை எண்ணைச் சரிபார்த்த பிறகு கொடுத்தாள்.

அடுத்த வாரம் அவளுடைய ஆய்வுத் தலைப்பு மாறியது. அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிய குமாஸ்தா, "கணினி மரபணுவியலா? அது என்ன படிப்பு?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யார் யாரோட பிள்ளைன்னு கம்ப்யூட்டரை விட்டுக் கேட்கிறதுங்க" என்றாள் தும்பி. அவர் யோசித்துவிட்டு, கட்டத்துக்குள் தலைப்பு அடங்காமல் இரண்டு வரியாக எழுதி, முத்திரை குத்தினார். வக்கீல் தன் பக்கத்து மேசையை அவளுக்காகக் காலி செய்து வைத்திருந்தான். அதற்கு முன்பு அந்த மேசை யாருக்குச் சொந்தம் என்று அரை மணி நேரம் வாதம் செய்திருந்தான். மேசை மேல் இருபத்தாறாம் குடும்பத்தின் ஃபைல் காத்திருந்தது. அதை நாளைக்குத் திறக்கலாம் என்று வைத்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெயில் மட்டுப்பட்டிருந்தது. உட்கார்ந்ததுதான் தெரியும், பைமேல் தலை சாய்ந்துவிட்டது. பல மாதமாகத் தூங்காத தூக்கம் அத்தனையும் அந்த ஒரு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கண்டக்டர் தோளைத் தட்டி, "கடைசி நிறுத்தம்மா, இறங்கு" என்றபோது, அவள் வீடு ஐந்து நிறுத்தம் பின்னால் இருந்தது.

இறங்கி அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, தூங்கிட்டேன். கடைசி நிறுத்தத்துல நிக்கிறேன்."

"திரும்பி வர்ற பஸ்ல ஏறி, அதுலயும் தூங்கிடாதே," என்றாள் அக்கா. "சாப்பாடு எடுத்து வைக்கிறேன். மெதுவா வா."